எட்டாம் நம்பர் மூங்கிள்

மார்ச் 3

அண்ணா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா என்று தெரியவில்லை. உறையின் மேல் 'எட்டாம் நம்பர் மூங்கிள் ஓட்டுபவர், தெப்பத் துறை' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இப்போது நீ இருக்கும் வீட்டின் முகவரி என்னிடம் இல்லை. கூடப் பிறந்தவனின் முகவரி தெரியாதவள் என்று எழுதவே கை கூசுகிறது. போன் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டால் நீ எடுத்துவிடுவாயோ என்ற பயத்தில்தான் கூப்பிடவில்லை.

கடையில் இது மதிய இடைவேளை. பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து பதினோரு பேருக்குக் கண் பரிசோதித்தாயிற்று. 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று ஒவ்வொருவரையும் கேட்கும்போது ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்து நாக்கு குழறுகிறது. பத்தடி தூரத்தில் உன்னைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டவள் நான்.

அந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தது உன் மாப்பிள்ளை. நான் கொஞ்ச நாளாகச் சரியாகத் தூங்குவதில்லை என்று அவருக்குக் கவலை. எங்கேயோ ஒரு விளம்பரத் துண்டுத் தாளைப் பார்த்திருக்கிறார். 'மூங்கிள் தெப்பத்தில் மனதை ஆறவிடும் மூன்று மணி நேரம், வழிகாட்டியுடன்' என்று அதில் போட்டிருந்தது. என் மாமியார் அத்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். எந்தத் துறை என்று வண்டியை விட்டு இறங்கும்வரை எனக்குத் தெரியாது. தெரிந்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். நாற்பது தெப்பம் இருக்கிற இடத்தில் உன்னுடையதா எங்களுக்கு வரப்போகிறது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். நீதான் வந்தாய். தலையில் துண்டு, கையில் கழி, முழங்கால்வரை ஈரம். இளைத்திருக்கிறாய்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. முதலில் 'மேடம்' என்றது நீதான். 'மேடம், நீங்க முன்னாடி, இடது ஓரம்' என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். அதற்குப் பிறகு நான் எப்படி 'அண்ணா' என்று கூப்பிடுவது? நீயே வேண்டாம் என்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது. மறைக்கவில்லை.

அத்தை உன்னிடம் கப்பல் கதையைச் சொன்னார்களே, அது எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். கல்யாணப் பேச்சு நடந்தபோது ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். "அண்ணன் என்ன பண்றார்?" என்று அத்தை கேட்டார்கள். நான் "தண்ணியில வேலை" என்றேன். அவர்களுக்கு முகம் செத்துவிட்டது. "தண்ணியிலயா?" என்றார்கள். குடிகாரன் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நான் பதறிப்போய், "ஐயோ, அந்தத் தண்ணி இல்லைங்க, தண்ணி மேல" என்றேன். "ஓ, கப்பலா!" என்று சிரித்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது, ஒரு தலையாட்டல். அதிலிருந்து நீ இரண்டாம் அதிகாரி ஆகி, மூன்று கடல் தாண்டிவிட்டாய். கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று உனக்கு எழுதியது அதனால்தான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். நாலு வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

மணல் திட்டில் நடந்ததைப் பற்றி எழுத எதுவும் இல்லை. அத்தை சத்தம் போட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் கோபம் சோடா மாதிரி, பொங்கும், அடங்கும். அதனால் உனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆகவில்லைதானே?

இடைவேளை முடிந்துவிட்டது. வாசலில் ஒருவர் உடைந்த பிரேமோடு நிற்கிறார்.

தங்கை


மார்ச் 8

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. துறையில் உறையைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. எங்கள் ஆட்கள் தெப்பத்தைத் தெப்பம் என்றே சொல்வதில்லை. எட்டாம் நம்பர் மூங்கில், பத்தாம் நம்பர் மூங்கில் என்றுதான் பேச்சு. அதை எப்படிப் பிடித்தாயோ. முகவரி கச்சிதமாக இருந்தது, ஒரு எழுத்தைத் தவிர. அதைப் பற்றிக் கடைசியில்.

நான்தான் முதலில் 'மேடம்' என்றேன், வாஸ்தவம். ஏன் என்று கேள். நீ கண்ணாடி மாட்டியது நான் வாயைத் திறப்பதற்கு முன்னால். வண்டியிலிருந்து இறங்கி, என்னைப் பார்த்து, பையைத் திறந்து, கண்ணாடியை எடுத்து, விரித்து, மாட்டி. இவ்வளவும் நான் கழியை ஊன்றிக்கொண்டு பார்த்தேன். கண்ணாடி ஏறிய பிறகு 'பொடிசு' என்றா கூப்பிடுவேன்? அன்றைக்குப் பதிவுத் தாளில் மாப்பிள்ளையின் பெயரைப் பார்த்த நிமிஷத்திலிருந்து எனக்குக் கால் தரையில் இல்லை. அந்த முறை பத்தாம் நம்பர்காரனுடையது. அவனிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டேன். என் தங்கச்சி வர்றாடா என்று சொல்லவில்லை, நல்ல வேளை. தலையில் புதுத் துண்டு கட்டினேன். இளைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய், துண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உன்னை இடது ஓரத்தில் உட்கார வைத்தது எதற்கென்று புரிந்திருக்கும். ஒன்பது வயதில் அந்தக் காய்ச்சல் வந்து உன் இடது காது போனதிலிருந்து உனக்கு வலப்பக்கமாகவே நடந்து பழகியவன் நான். இடது ஓரத்தில் நீ இருந்தால் பேசுகிற எல்லாரும் உன் நல்ல காதுப் பக்கம் இருப்பார்கள். உன் மாமியாரை நடுவில் வைத்தேன், மாப்பிள்ளையைப் பின்னால். கனத்தைப் பார்த்து உட்கார வைப்பது எங்கள் தொழில். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

உன் மாமியாருக்கு நல்ல வாய். தெப்பம் கிளம்பிக் கால் மணி நேரத்தில் ஆரம்பித்தார். "நீ இந்த மூங்கிலத் தள்ளிக்கிட்டுக் கிடக்கிற. எங்க மருமகளோட அண்ணன் கப்பல்ல ரெண்டாவது அதிகாரி, தெரியுமா?"

"அப்படிங்களா அம்மா?" என்றேன். "அவருக்கு நீச்சல் தெரியுங்களா?"

"அதெல்லாம் தெரியாமயா வேலை குடுப்பாங்க? பாவம், கல்யாணத்துக்கே வர முடியலப்பா. லீவு தரலையாம்."

"கப்பல்ல லீவு கஷ்டந்தாங்க."

"உனக்கு அக்கா தங்கச்சி உண்டா?"

"ஒரு தங்கச்சிங்க."

"கட்டிக் குடுத்தாச்சா?"

"ஆச்சுங்க. நல்ல எடம். நல்ல மாமியாருங்க."

நீ அப்போது மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மீன்கொத்தி பறந்துபோன பிறகும் அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆற்றில் மூன்று மணி நேரம் என்பது எத்தனை நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வருகிறவர்கள் எல்லாம் சாய்வு நாற்காலியில் தூங்கிப்போவார்கள். உன் மாப்பிள்ளையும் தூங்கினார், நல்ல மனுஷர், லேசாகக் குறட்டை. நான் மட்டும் கழியை இரண்டு தடவை இடம் தப்பி ஊன்றினேன். பதினோரு வருஷத்தில் அதுவரை என் கழி அடி தவறியதில்லை.

இப்போது நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். ஞாயிறு சாயங்காலம் துறைச் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். புகார்ப் புத்தகத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். அதில் இருந்தது இதுதான்: 'எட்டாம் நம்பர் மூங்கிளை ஓட்டியவர் வேண்டுமென்றே மணலில் ஏற்றி நிறுத்தினார். இறக்கிவிடுகிற சாக்கில் என் கையைப் பிடித்தார். விடச் சொல்லியும் விடவில்லை. காதருகே வந்து தகாத முறையில் பேசினார்.' கீழே கையெழுத்து, கிறுக்கலாக, யாருடையது என்று தெரியாத மாதிரி.

கையெழுத்து எதற்கு எனக்கு? உலகத்தில் மூங்கிலுக்கு 'ள்' போடுகிற ஒரே ஆள் நீ. மூன்றாம் வகுப்பில் பிரம்படி வாங்கியும் திருந்தவில்லை.

என்னிடமிருந்து கழியை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடிகிறவரை பயணிகளை ஏற்றக் கூடாது. பழைய மூங்கில்களைப் பிரித்துக் கயிறு மாற்றிக்கொண்டிருக்கிறேன். 'ஒன்றும் ஆகவில்லைதானே' என்று கேட்டிருந்தாய்.

ஆகவில்லை, மேடம்.

எட்டாம் நம்பரை ஓட்டிக்கொண்டிருந்தவன்


மார்ச் 13

அண்ணா,

உன் கடிதத்தைக் கடைக் கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூடி மறைக்க இனி எதுவும் இல்லை என்பதால் சொல்கிறேன். மணலில் இறங்கும்போது நீ என் கையைப் பிடித்தாய். காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "பொடிசு, ஒரு தடவ பாரு" என்றாய். அதுதான் தகாத பேச்சு. நான் "விடுங்க" என்றேன். உன்னிடம் என் ஆயுசில் முதல் தடவையாக ஒரு 'ங்க' போட்டேன். அத்தை திரும்பிப் பார்த்துவிட்டார்கள். "டேய், கைய எடுடா!" என்று அவர்கள் போட்ட சத்தத்தில், மணல் தட்டியபோதே கண் விழித்திருந்த உன் மாப்பிள்ளை எழுந்து வந்தார். அந்த நிமிஷத்தில் 'இது என் அண்ணன்' என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. வாய் வரவில்லை.

துறைக்குத் திரும்பியதும் அத்தை புகார்ப் புத்தகத்தைக் கேட்டார்கள். அவர்களிடம் படிக்கிற கண்ணாடி இல்லை, வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். கண்ணாடிக் கடைக்காரியின் மாமியாருக்குக் கண்ணாடி இல்லை, பார். "நீயே எழுதும்மா, உனக்கு நடந்ததுதானே" என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று எழுதும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணலில் ஏற்றியது நிஜம், கையைப் பிடித்தது நிஜம், விடச் சொன்னது நிஜம். இப்படியெல்லாம் மூளை வேலை செய்கிறது, அண்ணா. அவர் எனக்கு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதி முடித்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அது யாரும் எடுத்துப் படிக்காத புத்தகமாக இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் கடையிலும் ஒரு புகார்ப் புத்தகம் தொங்குகிறது. அதை யாரும் தொடுவதில்லை.

இதோடு ஒரு தாள் இணைத்திருக்கிறேன். செயலாளரிடம் கொடுத்துவிடு. 'மூங்கில் தெப்பம் தற்செயலாக மணலில் ஏறியது. நான் தடுமாறியதால் ஓட்டுநர் கையைப் பிடித்து உதவினார். நான் தவறாகப் புரிந்துகொண்டேன். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதியிருக்கிறேன். இது போதும்தானே? இதைக் கொடுத்தால் கழியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். வீட்டிலும் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அத்தை இப்போதுதான் சமாதானமாகி, அந்த ஆற்றைப் பற்றிப் பேசுவதையே விட்டிருக்கிறார்கள்.

என்னைக் கோழை என்று நீ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நான் கோழைதான்.

புதுத் துண்டு பச்சைக் கோடு போட்டது. பார்த்தேன்.

தங்கை


மார்ச் 18

பொடிசு,

நீ அனுப்பிய தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கொடுக்கவில்லை.

கோபத்தில் இல்லை. முதலில் கோபம் இருந்தது. கயிறு முறுக்கி முறுக்கி அது போய்விட்டது. தாளை நாலைந்து தடவை படித்தேன். மூங்கில் என்று சரியாக எழுதியிருக்கிறாய். பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாய். அவ்வளவு கவனமாக எழுதினதில் ஒரு வார்த்தை மட்டும் எங்கேயும் விழவே இல்லை.

இந்தத் தாளைக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? அந்தப் பெண்ணின் முகவரியை இவன் எப்படியோ கண்டுபிடித்து, மிரட்டி எழுதி வாங்கிவிட்டான் என்பார்கள். இப்போதே அப்படித்தான் பார்க்கிறார்கள். துறையில் பொட்டலச் சாப்பாடு கட்டித் தருகிற அக்கா இருக்கிறார். பதினோரு வருஷமாக என் கைக்குப் பொட்டலம் நீட்டியவர். அவர் மகள் காலேஜ் விட்டு வந்து அங்கேதான் உட்கார்ந்து படிக்கும். போன வாரம் நான் தண்ணீர் எடுக்க அந்தப் பக்கம் போனேன். அக்கா மகளைப் பார்த்து, "உள்ள வந்து உக்காரு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தண்ணீர் எடுக்காமலே திரும்பிவிட்டேன். அதிலிருந்து தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அவர் மேல் தப்பே இல்லை. நானும் ஒரு பெண் பிள்ளைக்கு அண்ணன்தானே, நானாக இருந்தாலும் அதையேதான் செய்வேன்.

நானும் சிலதை ஒப்புக்கொள்ள வேண்டும். மணலில் ஏறியது தற்செயல் இல்லை. அந்தத் திட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். மூன்று மணி நேரம் முடியப் போகிறது, நீ இறங்கிப் போய்விடுவாய் என்று தவித்தேன். நிறுத்தி, இறக்கிவிடுகிற சாக்கில் ஒரு நிமிஷம் கிடைக்கும் என்று ஏற்றினேன். பயணிகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையில் இருக்கிறவன் செய்கிற காரியமா அது? உன் மாமியார் வழுக்கி விழுந்திருந்தால்? புகாரின் முதல் வரி சரி. அதற்கு எனக்குத் தண்டனை வேண்டும்.

இன்னொன்று, இதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. உன் மாமியார் அந்தக் கப்பல் அதிகாரியைப் பற்றிச் சொன்னபோது, ஒரு நிமிஷம் எனக்கு அவனைப் பிடித்திருந்தது. வரைபட அலுவலக வேலையை விட்டு இந்த ஆற்றுக்கு வந்த நாளிலிருந்து, யார் என்ன சொன்னாலும் என் தொழிலை நினைத்து நான் குறுகியதில்லை. அன்றைக்குக் குறுகினேன். அம்மா போன பிறகு நாம் இரண்டே பேர். அந்த இரண்டில் ஒன்றை நீ கப்பல் ஏற்றி அனுப்பிவிட்டாயே என்றுதான் கழியை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

29ஆம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. நாற்பது ஓட்டுநர்களும் இருப்பார்கள். நீ யார் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் சொன்னால் அது என்னைக் காப்பாற்றிக்கொள்கிற பேச்சு. உன் வீட்டில் நீ சொல்வதற்கு முன்னால் ஊர் சொன்னதாக இருக்கக் கூடாது. நீயும் சொல்லவில்லையென்றால் என் பெயரைத் துறையிலிருந்து எடுத்துவிடுவார்கள். வேறு ஆறு பார்த்துக்கொள்வேன். ஆனால் எங்கே போனாலும் அந்த நாலு வரி எனக்கு முன்னால் போய் நிற்கும்.

தூங்குகிறாயா?

அண்ணன்


மார்ச் 25

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

நேற்று காலை, சமையலறையில், அத்தை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், நான் துடைத்துக்கொண்டிருந்தேன். பேப்பரைப் பிடித்துக்கொண்டு அவர் வாசற்படியில் நின்றிருந்தார். "அத்த, அன்னிக்கு ஆத்துல தெப்பம் ஓட்டினது எங்க அண்ணன்" என்றேன். இத்தனை நாள் ஒத்திகை பார்த்தது எல்லாம் போய், இதுதான் வந்தது.

அத்தைக்கு முதலில் புரியவில்லை. "எந்த அண்ணன்? கப்பல்காரனா?" என்றார்கள்.

"கப்பலே இல்ல அத்த. ஒரே அண்ணன்தான். மூங்கிள்தான்."

குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் சொன்னது, "நல்ல மாமியார்னு சொன்னானே" என்பதுதான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்கள். "அவன்கிட்டயே அவனப் பத்திப் பீத்தியிருக்கேனே. நீச்சல் தெரியுமான்னு கேட்டானே! எவ்ளோ நொந்துபோய்க் கேட்டிருப்பான்" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் கோபம் வந்தது. சோடா இல்லை இது. "கூடப் பொறந்தவன் கையப் பிடிச்சதுக்கு என்னக் கூச்சல் போட வச்சியே. நான் சொல்லச் சொல்ல எழுதவும் செஞ்சியே. தெப்பம் ஓட்டறான்னு சொல்லியிருந்தா நான் என்ன, வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார்கள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. அவர்கள் உன்னைத் தாழ்வாக நினைப்பார்கள் என்று நான் பயந்ததாக இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். நினைத்தது நான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நீ வேலையை விட்டபோது, என் சிநேகிதிகளிடம் 'அண்ணனுக்கு முதுகுவலி, லீவில் இருக்கிறான்' என்று சொன்னவள் நான். கப்பலுக்கு முன்னாலேயே உன்னை நான் ஒளித்து வைக்க ஆரம்பித்துவிட்டேன். வெட்கம் என்றால் இதுதான். மற்றதெல்லாம் இதன் குட்டிகள்.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படி என்றேன். "உனக்கு இடது காது கேக்கலன்னு நான் கண்டுபிடிக்க எட்டு மாசம் ஆச்சு. நீ சொல்லல, நானும் கேக்கல. அந்த மனுஷன் உன்னப் பாத்ததும் இடது ஓரம்னாரு. அப்பவே ஏதோன்னு பட்டுது. மணல்ல இறங்கும்போது சுத்தி வந்து வலது காதுல பேசினாரு. அப்புறம் சந்தேகமே இல்ல."

"தெரிஞ்சுமா என்ன எழுத விட்டீங்க?" என்று கேட்டேன். எவ்வளவு திமிர், பார்.

"நீ எழுத மாட்டேன்னு நினைச்சேன்" என்றார். "எழுதி முடிக்கிற வரைக்கும் நினைச்சேன்."

பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்று காலை அத்தை தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து, "இருபத்தொம்போது எத்தன மணிக்கு?" என்று கேட்டார்கள். கண்ணாடியை எடுத்துக் கைப்பையில் போட்டுவிட்டார்கள்.

நாற்பது பேர் முன்னால் வந்து நிற்கப் போகிறேன். பயமாக இருக்கிறது. நீ அங்கே என்னைப் பார்த்துச் சிரித்தால் அழுதுவிடுவேன், அதனால் சிரிக்காதே.

பொடிசு


மார்ச் 30

பொடிசு,

நேற்று உன்னோடு ஒரு வார்த்தை சரியாகப் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ எழுந்து நின்று, "அவர் என் சொந்த அண்ணன். நான் அவரைத் தெரியாத மாதிரி நடித்தேன். நடிப்பு மாட்டிக்கொள்ளக் கூடாது என்று புகார் எழுதினேன்" என்று சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கக் கூடாது என்று சொன்னதால் இல்லை. நாற்பது பேர் முன்னால் நீ குனிந்து நிற்பதைப் பார்க்க முடியவில்லை. எனக்காக ஒரு தடவை சொன்னால் போதும் என்று இருந்தவனுக்கு, சொல்லும்போது ஏன் சொல்ல வைத்தோம் என்று ஆகிவிட்டது.

நீ கூட்டத்திலிருந்து வெளியே போன பிறகு நடந்ததைக் கேள். மணலில் வேண்டுமென்றே ஏற்றினேன் என்று நானே ஒப்புக்கொண்டேன் அல்லவா, அதற்கு ஒரு மாதம் பயணிகள் இல்லாமல் கயிறு வேலை கொடுத்திருக்கிறார்கள். சரிதான். செயலாளர் புகாருக்குக் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் 'ஓட்டுநரின் உடன்பிறந்தவர்' என்று எழுதினார். சாப்பாட்டு அக்கா பொட்டலம் கொண்டுவந்து வைத்தார். பொட்டலம் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. பத்தாம் நம்பர்காரன் என்னைக் 'கப்பல்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். இனி சாகும்வரை அதுதான் என் பெயர்.

உன் மாமியார் அடம் பிடித்து, ஒரே ஒரு தடவை, பயணியாக இல்லை, உறவாக என்று செயலாளரிடம் வாதாடி, மதியமே உங்களை ஏற்ற வைத்தார் பார், அது கப்பல் அதிகாரியால்கூட முடியாது. தெப்பத்தில் பாதி வழிவரை வாயே திறக்கவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. அப்புறம் மெதுவாக, "உனக்கு நீச்சல் தெரியுமாப்பா?" என்றார். "தெரியுங்க அம்மா" என்றேன். "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் மன்னிப்பு. மாப்பிள்ளை இந்தத் தடவை தூங்கவில்லை. நீ தூங்கினாய். தலை சாய்ந்து, வாய் திறந்து, அம்மா மாதிரியே. நான் இரண்டு இடத்தில் கழியை ஊன்றாமல் தண்ணீரின் போக்கில் விட்டேன்.

சாயங்காலம் அலுவலகத்தில் பயணத் தாள்களை அடுக்கும்போது உன் தாள் கையில் வந்தது. அதில் ஒரு கட்டம் உண்டு: 'ஆபத்து நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?' ஏறுகிற ஒவ்வொருவரிடமும் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, அங்கே உங்களோடு தெப்பத்தில் இருக்கிற ஆளை எழுதாதீர்கள் என்பதுதான். கவிழ்ந்தால் அவரும் சேர்ந்துதானே கவிழ்வார், யாருக்குப் போய்ச் சொல்வது? கரையில் இருக்கிற ஒருவரை எழுதினால்தான் தாள் செல்லும். முதல் தடவை நீ அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாய். போய்த் தேடிப் பார்த்தேன்.

நேற்று எழுதியிருக்கிறாய். உறவு: அண்ணன். முகவரி: இதே மூங்கிள்.

விதிப்படி அந்தத் தாளை நான் உன்னிடம் திருப்பித் தந்திருக்க வேண்டும். தரவில்லை. எழுத்துப் பிழையையும் திருத்தவில்லை.

அண்ணன்